மூச்சு ஆபரேஷனோடு சேர்த்து மூக்கையும் நேராக்கிக்கொள்ளலாமா?

ஈரோட்டு டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 27. தனியார் கல்லூரி ஒன்றில் கணக்குப் பாடம் எடுக்கிறேன். ஏழாம் வகுப்பில் மாடிப்படியில் விழுந்து மூக்கில் அடிபட்டது. ரத்தம் வந்தது, ஐஸ் வைத்தார்கள், வீக்கம் வடிந்ததும் எல்லோரும் மறந்துவிட்டார்கள். எக்ஸ்ரே கூட எடுக்கவில்லை. வளர வளர மூக்கு இடதுபக்கம் சாய்ந்துகொண்டே வந்தது. நடுவில் ஒரு மேடும் தெரிய ஆரம்பித்தது.

அதைவிடப் பெரிய தொல்லை மூச்சு. வலதுபக்கத் துவாரம் எப்போதும் அடைத்தே இருக்கும். ராத்திரி முழுக்க வாயால்தான் மூச்சு. காலையில் தொண்டை காய்ந்து ஒட்டிக்கொள்ளும், முதல் பீரியட் வகுப்பு என்றால் குரலே எழும்பாது. ஓட்ரிவின் என்ற மூக்குச் சொட்டு மருந்து விடாமல் படுத்தால் தூக்கம் வருவதில்லை.

போன வாரம் இ.என்.டி. டாக்டரிடம் காட்டினேன். கேமரா விட்டுப் பார்த்தார், சி.டி. எடுக்கச் சொன்னார். "நடுத்தண்டு வளைந்திருக்கிறது, வெளி எலும்பும் சாய்ந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்து செப்டோரைனோபிளாஸ்டியாகச் செய்தால் நல்லது" என்றார். வீட்டில் அன்றிலிருந்து ஒரே வாக்குவாதம். அம்மாவுக்கு மூச்சு சரியானால் போதும். பெரியப்பா, "உள்ளே மட்டும் சரி பண்ணிக்கோ. மூஞ்சியை மாத்துறதெல்லாம் சினிமாக்காரங்க வேலை" என்கிறார். மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன சொல்வது என்பது சித்தியின் கவலை. எனக்கு இரண்டுமே வேண்டும். ஆனால் அழகுக்காகவும் வேண்டும் என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

சேர்த்துச் செய்வது நல்லதா, தனித்தனியாகவா? அழகுக்காகச் செய்யப்போய் மூச்சு இன்னும் மோசமாகிவிடும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். அது உண்மையா? இன்சூரன்ஸ் வருமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பெங்களூர்வாசி எழுதியது:

அக்கா, எனக்குக் கிரிக்கெட் பந்து பட்டு உங்களைப் போலவே ஆனது. செப்டத்தை, அதாவது நடுத்தண்டை மட்டும் நேராக்கினார்கள், வெளியே கை வைக்கவில்லை. தூங்கும்போது முன்னைக்கு இப்போது எவ்வளவோ பரவாயில்லை. ஆனால் ஓடினாலோ வேகமாக மூச்சு இழுத்தாலோ ஒரு பக்கச் சுவர் உள்வாங்கி ஒட்டிக்கொள்கிறது. வேறொரு டாக்டரிடம் போனேன். வெளிச்சட்டம் சாய்ந்தே இருப்பதால் அந்த இடம் இன்னும் குறுகலாகத்தான் இருக்கிறது என்று கண்ணாடியில் காட்டினார். இப்போது மறுபடி செய்ய வேண்டுமென்றால் காதிலிருந்து குருத்தெலும்பு எடுக்க வேண்டுமாம். மூக்கிற்குள் எடுக்கக்கூடியதை முதல் தடவையே எடுத்துவிட்டார்கள். உங்கள் டாக்டர் சேர்த்துச் செய்யலாம் என்று அவராகவே சொல்லியிருக்கிறார் என்றால், ஏன் என்று ஒருமுறை உட்கார்ந்து கேளுங்கள்.

தியேட்டர் அக்கா, மதுரை எழுதியது:

தங்கச்சி, நான் டாக்டர் இல்லை. இ.என்.டி., பிளாஸ்டிக் சர்ஜரி கேஸ்களில் சர்ஜனுக்குக் கருவி எடுத்துக் கொடுக்கும் ஸ்க்ரப் நர்ஸ். இந்த ஆபரேஷனை மேசைக்குப் பக்கத்தில் நின்று வருஷக்கணக்காகப் பார்க்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் உடம்பைப் பற்றிய முடிவை டாக்டரிடம்தான் எடுக்க வேண்டும்.

முதலில் அந்தக் கூச்சத்தை விட்டுவிடுங்கள். சாய்ந்த மூக்கு நேராக வேண்டும் என்று ஆசைப்படுவதில் எந்தத் தப்பும் இல்லை. டாக்டரிடம் அதை மறைத்தால் அவர் பாதி விஷயத்துக்குத்தான் திட்டம் போடுவார். "வெளியேயும் சரி செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கலாமே" என்று டாக்டர் கேட்க, பேஷன்ட் தலை குனிந்து உட்கார்ந்திருந்ததை வார்டில் பார்த்திருக்கிறேன். எனக்கு அது இன்றுவரை வருத்தம்தான்.

இனி உங்கள் கேள்வி. மூக்கின் மேல்பகுதி மூன்றில் ஒரு பங்குதான் எலும்பு. மீதி எல்லாம் குருத்தெலும்பு. நடுவில் செப்டம் என்ற தண்டு நிற்கிறது. இரண்டு பக்கக் குருத்தெலும்புகளும் பந்தல் ஓலை மாதிரி அதன் மேல்தான் சாய்ந்திருக்கின்றன. நடுக்கால் கோணினால் பந்தலே கோணும். அதனால் வெளியே தெரியும் சாய்வும் உள்ளே இருக்கும் அடைப்பும் பல பேருக்கு ஒரே கோளாறுதான். அடிபட்டுச் சாய்ந்த மூக்கில் உள்ளே மட்டும் நேராக்கினால், சாய்ந்த வெளிச்சட்டம் அதை மறுபடி இழுக்கப் பார்க்கும். பெங்களூர்த் தம்பி சொல்வதும் இதோடு ஒத்துப்போகிறது. வெளியே நேராக இருந்து உள்ளே மட்டும் வளைந்தவர்களுக்கு இது பொருந்தாது. அவர்களுக்கு செப்டத்தை மட்டும் நேராக்கும் செப்டோபிளாஸ்டி போதும், வேறு எதற்கும் ஆசைகாட்ட வேண்டியதில்லை.

அந்தப் பக்கக் குருத்தெலும்பும் செப்டமும் சேரும் மூலைதான் மூக்கிலேயே குறுகலான இடம். அங்கே கோணம் வெறும் 10 முதல் 15 டிகிரி. மூச்சுப் பாதை மொத்தத்திலும் காற்றுக்கு வரும் தடையில் பாதி மூக்கிலேயே வந்துவிடுகிறது, அதிலும் பெரும்பங்கு இந்த மூலையில். இங்கே ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் உங்களுக்கே தெரியும். ஒன்று செய்து பாருங்கள். மூக்கை ஒட்டின கன்னத்தில் விரலை வைத்து, காதுப்பக்கமாக லேசாக இழுத்துக்கொண்டு மூச்சு இழுங்கள். சட்டென்று காற்று போனால் அந்த மூலையும் உங்கள் தொல்லைக்கு ஒரு காரணமாக இருக்கலாம். டாக்டர்களும் இதைச் செய்துதான் பார்ப்பார்கள். இதை மட்டும் வைத்து அவர்கள் முடிவு செய்வதில்லை.

உங்களைப் பயமுறுத்தியவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. மேட்டைச் சீவும்போது பக்கக் குருத்தெலும்பு தண்டோடு சேர்ந்திருக்கும் இடம் பிரியும். சீவினோம், எலும்பைச் சேர்த்து ஒடுக்கினோம் என்று அதோடு மூடிவிட்டால், பக்கச் சுவர்கள் போகப்போக உள்ளே விழும். மூக்கு பக்கவாட்டில் அழகாகத் தெரியும், மூச்சு அடைக்கும். முன்பக்கமிருந்து பார்த்தால் மூக்கின் நடுவே தலைகீழாக ஒரு 'வி' விழுந்த மாதிரி நிழல் தெரியும். முன்காலத்தில் குறைப்பது ஒன்றே குறி என்று செய்த மூக்குகளில் இது நிறைய நடந்தது.

அதற்கு மருந்தாக வந்ததுதான் ஸ்பிரெடர் கிராஃப்ட். ஜாக் ஷீன் என்ற அமெரிக்க சர்ஜன் 1984-ல் எழுதியது. செப்டத்தில் வளைந்த பகுதியை எடுப்பார்கள் இல்லையா, அதைத் தூக்கிப் போடுவதில்லை. சலைன் என்ற உப்புநீர் ஊற்றிய கிண்ணத்தில் என் மேசையில்தான் இருக்கும். வெள்ளையாக, லேசாக நீலம் கலந்து பளபளக்கும். சர்ஜன் அதை ஸ்கேலில் அளந்து, 15-ம் நம்பர் பிளேடால் மெல்லிய பட்டைகளாக வெட்டுவார். நீளம் இரண்டு சென்டிமீட்டர் பக்கம், அகலம் மூன்று நான்கு மில்லிமீட்டர். தண்டுக்கும் பக்கக் குருத்தெலும்புக்கும் நடுவே ஒவ்வொரு பக்கமும் ஒன்று செருகித் தைப்பார். அந்த மூலை விரியும், அதே பட்டை மூக்கின் நடுப்பகுதியை நேராக நிறுத்தியும் வைக்கும். ஒரே துண்டு மூச்சுக்கும் முகத்துக்கும் உதவுகிறது. கை தவறிக் கீழே விழுந்தால் அவ்வளவுதான் என்பதால் அந்தக் கிண்ணத்திலிருந்து நான் கண்ணை எடுப்பதே இல்லை.

செப்டத்தை முழுக்கவும் எடுக்க மாட்டார்கள். மேலேயும் முன்னாலும் ஒரு சென்டிமீட்டராவது சட்டமாக விட்டுத்தான் எடுக்க வேண்டும், இல்லையென்றால் மூக்கு நடுவில் குழிந்துவிடும். ஆக எடுக்கக் கிடைப்பது கொஞ்சம்தான். முதல் ஆபரேஷனில் எடுத்துவிட்டால் அடுத்த தடவைக்குக் காதுதான், இல்லை விலா எலும்புப் பக்கம். உள்ளே தழும்பும் கட்டியிருக்கும். இரண்டும் தேவைப்படுகிறவர்கள் சேர்த்துச் செய்துகொள்வது நல்லது என்று நான் நினைப்பதற்குக் காரணம் இதுதான்.

அதனால் டாக்டரிடம் "நீங்கள் நிறைய செய்திருக்கிறீர்களா" என்பதோடு நிறுத்தாதீர்கள். "மேட்டைச் சீவின பிறகு நடுப்பகுதியை எதை வைத்துத் தாங்குவீர்கள்" என்று கேளுங்கள். பதில் தெளிவாக வந்தால் தைரியமாக அடுத்த பேச்சுக்குப் போகலாம். மறுபடி செய்ய வேண்டிய நிலை வந்தால் என்ன என்றும் கேளுங்கள். எவ்வளவு நல்ல கையாக இருந்தாலும் இந்த ஆபரேஷனில் 100-க்கு 5 முதல் 15 பேர் வரை திரும்பச் செய்துகொள்கிறார்கள் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதை மறைக்காமல் பேசுகிற டாக்டரை நம்பலாம். இ.என்.டி.யில் எம்.எஸ்., இல்லையென்றால் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. படித்தவரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அழகு நிலையம் நடத்துகிற இடத்தில் மூக்கைக் கொடுக்காதீர்கள்.

ஓட்ரிவின் விஷயம் ரொம்ப முக்கியம். அந்த மாதிரி சொட்டு மருந்தை ஒரு வாரத்துக்கு மேல் விட்டால், மருந்து இறங்கியதும் உள்ளே இருக்கும் சதை முன்னைவிட வீங்கும். மறுபடி விடச் சொல்லும். உங்கள் அடைப்பில் ஒரு பங்கு அதனால் கூட இருக்கலாம். அதை நேராக்குகிற ஆபரேஷன் கிடையாது. தினமும் விடுகிறேன் என்று டாக்டரிடம் சொல்லுங்கள், ஸ்டீராய்டு ஸ்பிரே கொடுத்து மெதுவாக நிறுத்த வைப்பார். தூசி, அலர்ஜி இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். சாக்பீஸ் தூள் நடுவில் நிற்கிற வேலை உங்களுடையது. சதையையும் குறைக்க வேண்டும் என்றால் குறைக்கலாம், ஆனால் மொத்தமாக வெட்டி எடுக்கச் சம்மதிக்காதீர்கள். காற்றைச் சூடாக்கி ஈரமாக்குவது அந்தச் சதைதான். அது இல்லாமல் போனால் மூக்கு விசாலமாகத் திறந்திருந்தும் மூச்சுப் போகாத மாதிரி தவிப்பவர்கள் இருக்கிறார்கள்.

பெரியப்பாவுக்கு ஒரு செய்தி. 1794-ல் லண்டன் பத்திரிகை ஒன்றில், நெற்றித் தோலைத் திருப்பி மூக்கு வைத்த புனே பக்கத்து ஆபரேஷன் படத்தோடு வந்தது. அதைப் படித்துவிட்டு ஜோசப் கார்ப்யூ என்ற ஆங்கில சர்ஜன் 1814-ல் லண்டனில் அதே முறையில் செய்தார். மூக்கு வைக்கும் வேலையைச் சினிமா வருவதற்கு ரொம்ப முன்னாலேயே நம் ஊர் பார்த்து உலகம் கற்றுக்கொண்டது. இதைச் சொல்லுங்கள், அவர் கேட்பார்.

ஈரோட்டு டீச்சர் எழுதியது:

அக்கா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு ரொம்ப நன்றி. கன்னத்தை இழுத்துப் பார்த்தேன், வலதுபக்கம் நிஜமாகவே காற்று போனது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். தம்பி, உங்களுக்கும் நன்றி.

இன்னும் கொஞ்சம் கேட்கலாமா? போனில் செல்ஃபி எடுத்தால் மூக்கு முகம் முழுக்க அடைத்த மாதிரி தெரிகிறது. மெலிதாக, சின்னதாக ஆக்கச் சொல்லலாமா? தாடையும் கொஞ்சம் உள்ளே போயிருக்கிறது என்று அந்த டாக்டர் சொன்னார், அதற்கும் மூக்குக்கும் என்ன சம்பந்தம் என்று புரியவில்லை. மூக்குத்தி குத்தியிருக்கிறேன், அது என்ன ஆகும்? அப்புறம், எத்தனை நாள் லீவு போட வேண்டும்?

தியேட்டர் அக்கா, மதுரை எழுதியது:

செல்ஃபியை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள், தங்கச்சி. 2018-ல் அமெரிக்காவில் இதைக் கணக்குப் போட்டே காட்டினார்கள். ஐந்தடி தள்ளி எடுத்த படத்தைவிட, 12 அங்குலத்தில் எடுத்த படத்தில் மூக்கின் அடிப்பகுதி ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும். போன் பக்கத்தில் இருப்பதால் முன்னால் நீட்டிக்கொண்டிருப்பது பெரிதாக விழுகிறது, அவ்வளவுதான். யாரையாவது ஐந்தாறு அடி தள்ளி நிற்கச் சொல்லி, நேராகவும் இரண்டு பக்கவாட்டிலும் எடுத்துப் பாருங்கள். ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் எடுப்பார்கள்.

தாடை விஷயம் பக்கவாட்டுப் படத்தில் உங்களுக்கே தெரியும். தாடை உள்ளே இருந்தால், அளவாக இருக்கிற மூக்கும் நீட்டிக்கொண்டிருப்பதாகத் தெரியும். அதனால்தான் டாக்டர் மூக்கோடு நெற்றி, உதடு, தாடை எல்லாவற்றையும் சேர்த்து அளக்கிறார். தாடையில் எதுவும் செய்துதான் ஆக வேண்டும் என்று இல்லை. ஆனால் தாடைக் குறையையும் சேர்த்து மூக்கில் கழித்துவிடப் பார்த்தால் மூக்கு அளவுக்கு மீறிக் குறைந்துவிடும். உள்ளே இடமும் குறையும்.

மெலிதாக்குவது பற்றி மனதில் பட்டதைச் சொல்கிறேன். நம் ஆட்களில் நிறைய பேருக்கு மூக்கு நுனித் தோல் கொஞ்சம் தடிப்பு. உள்ளே எவ்வளவு செதுக்கினாலும் தோல் அந்த அளவுக்குச் சுருங்கிப் படியாது. தடித்த தோலுக்கு உள்ளே உறுதியான சட்டம்தான் வடிவம் கொடுக்கும். இன்ஸ்டாகிராமில் வரும் மூக்கை எடுத்துக்கொண்டு போய் இது வேண்டும் என்று கேட்காதீர்கள். உங்கள் அம்மா ஜாடை, பாட்டி ஜாடை அந்த மூக்கில்தான் இருக்கும். நேராக்குங்கள், மேட்டைக் குறையுங்கள். நேராகிவிட்டாலே கண், மூக்கு, வாய் எல்லாம் ஒரு கோட்டில் வந்துவிடும், பார்ப்பவர்கள் "என்ன, முகம் தெளிவாயிருக்கே" என்பார்கள். எதை மாற்றினீர்கள் என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. எனக்குப் பிடித்த ரிசல்ட் அதுதான். கம்ப்யூட்டரில் டாக்டர் மாற்றிக் காட்டும் படம் நீங்களும் அவரும் ஒரே விஷயத்தைத்தான் பேசுகிறீர்களா என்று பார்ப்பதற்கு. அதை வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மூக்குத்தியைத் தியேட்டருக்குள் வருவதற்கு முன் கழற்றியே ஆக வேண்டும். திருகு இறுகிப்போன மூக்குத்தியோடு அன்றைக்குக் காலையில் போராடுவோம், அதனால் முந்தின நாளே தட்டாரிடம் கொடுத்துக் கழற்றிவிடுங்கள். திரும்ப எப்போது போடலாம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். நாள் ஆனால் துளை தூர்ந்துபோகலாம். அம்மாவிடம் இதை முன்னாலேயே சொல்லிவையுங்கள்.

லீவு இரண்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஒரு வாரம் மூக்கின் மேல் கட்டு இருக்கும், உள்ளே சிலிக்கோன் தகடும் இருக்கலாம். அந்த வாரம் மூச்சு இப்போது இருப்பதைவிட மோசமாகத்தான் இருக்கும். வலியைவிட அந்த அடைப்புதான் எல்லோரையும் படுத்தும். தலையணை இரண்டு வைத்துத் தலையை உயர்த்திப் படுங்கள், உதட்டில் வாஸ்லைன் தடவுங்கள், தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். மூக்கைச் சிந்தவே கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். கண்ணுக்குக் கீழே கன்றிப்போகும், இரண்டு வாரத்தில் மறையும். கண்ணாடி போடுகிறவர் என்றால் சில வாரங்களுக்கு மூக்குத் தண்டின் மேல் அதன் பாரம் விழக் கூடாது.

கட்டுப் பிரிக்கும் நாளில் கண்ணாடி கேட்பீர்கள். அன்றைக்கு மூக்கு வீங்கி, நுனி தூக்கி, உங்கள் மூக்கு மாதிரியே இருக்காது. நிறைய பெண்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள், கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அந்த வீக்கத்தில் பெரும்பகுதி சில வாரங்களில் வடியும். நுனி படிய ஒரு வருஷம் வரை ஆகும். தடித்த தோலுக்கு அதற்கு மேலும் ஆகலாம். மூச்சு அதற்கு முன்னாலேயே திறந்துவிடும்.

க்ளெய்ம் மேசை எழுதியது:

இன்சூரன்ஸ் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் அந்த வேலையில் இருப்பதால் சுருக்கமாக. உருவத்தை மாற்றுவதற்கான சிகிச்சை நம் நாட்டு ஹெல்த் பாலிசிகளில் பொதுவான விலக்கு. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்புக்கும், உடல்நலத்துக்கு நேரடியாக அவசியமான சிகிச்சைக்கும் மட்டும் அந்த விலக்கிலிருந்து தளர்வு உண்டு. செப்டம் பகுதிக்குக் கேட்கலாம், ஆனால் பல பாலிசிகளில் அது இரண்டு வருஷக் காத்திருப்புப் பட்டியலில் இருக்கும். பாலிசி எடுத்த தேதியைப் பாருங்கள். ஆஸ்பத்திரியிடம் செப்டம் வேலைக்குத் தனியாக, வெளி வேலைக்குத் தனியாக எஸ்டிமேட் வாங்குங்கள். எல்லாவற்றையும் மூக்கின் வடிவத்தை மாற்றும் ரைனோபிளாஸ்டி என்று ஒரே வரியில் எழுதி அனுப்பினால் மொத்தமும் தள்ளுபடி ஆக வாய்ப்பு அதிகம். கேமரா ரிப்போர்ட், சி.டி., அடிபட்ட விவரம் எழுதிய டாக்டர் குறிப்பு, மூன்றும் வேண்டும். ஆபரேஷனுக்கு முன்பே அனுமதி கேளுங்கள். கையில் பணம் இல்லாதவர்கள் யாராவது படித்தால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இ.என்.டி. பிரிவு இந்த செப்டம் ஆபரேஷனை வழக்கமாகச் செய்கிறது.

ஈரோட்டு டீச்சர் எழுதியது:

பாலிசி கல்லூரி மூலமாக எடுத்தது, மூன்று வருஷம் ஆகிவிட்டது. எஸ்டிமேட் பிரித்துக் கேட்கிறேன். கோயம்புத்தூரில் இன்னொரு டாக்டரிடமும் கருத்துக் கேட்க அம்மா ஒப்புக்கொண்டுவிட்டார். இந்தத் தடவை நானே வாயைத் திறந்து இரண்டும் வேண்டும் என்று சொல்லப்போகிறேன். மே மாத லீவில் செய்தால் வெயிலுக்குத் தொந்தரவு இருக்குமா அக்கா?

தியேட்டர் அக்கா, மதுரை எழுதியது:

செய்யலாம். கன்றின தோலில் வெயில் பட்டால் கருமை தங்கிவிடும், அதனால் வெளியே போனால் குடையோ தொப்பியோ வேண்டும். ஏ.சி. அறையில் மூக்குக் காய்ந்து பொருக்குக் கட்டும், டாக்டர் சொல்கிற சலைன் ஸ்பிரேயை விடாமல் அடியுங்கள்.

கோயம்புத்தூர் போகும்போது சி.டி. படங்களோடு, விழுவதற்கு முன் எடுத்த ஸ்கூல் போட்டோ இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். மூக்கு அடியால் எவ்வளவு சாய்ந்தது என்று அதிலிருந்து அவருக்கு ஒரு அளவு கிடைக்கும். ஆஸ்பிரின், மீன் எண்ணெய் மாத்திரை, ஏதாவது நாட்டு மருந்து சாப்பிட்டால் எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்துகிறவற்றை இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், டாக்டர் சொல்லாமல் நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். ஓட்ரிவினைக் குறைக்க மட்டும் மே வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே டாக்டரிடம் பேசுங்கள்.